வீட்ல ஒரு பழைய நாடக நடிகர் இருந்தா அவங்க கதைய எப்படி எழுதி வைக்கது

நம்ம திருநெல்வேலி பக்கம் எந்த ஊருக்கு போனாலும் ஸ்பெஷல் நாடகத்துல (வேற வேற ஊர் நடிகர்கள ஒரு ராத்திரிக்குன்னு கூப்பிட்டு போடுத நாடகம்) வேஷம் கட்டுன ஒரு தாத்தாவோ ஆச்சியோ இருப்பாங்க, பேரப்பிள்ளைங்களுக்கு அது தெரிஞ்சே இருக்காது. எங்க வீட்லயே எங்கம்மாவோட சித்தப்பா அப்பிடி ஒருத்தவங்க, ரொம்ப காலம் ராஜபார்ட் (கதாநாயகன் வேஷம்), வயசானப்புறம் நாரதர். அவங்க கதைய எழுதி வைக்கணும்னு உக்காந்து ரெண்டு வருஷமா நான் கத்துக்கிட்டத இங்கன சொல்லுதேன், இருக்கவங்க இருக்கும்போதே நீங்களும் ஆரம்பிங்க.

மொதல்ல, பகல்ல போகாதீங்க. நாடகம் ராத்திரி பத்து மணிக்கு மேல ஏறுனா விடியப்போற நேரத்துல தான் மங்களம் பாடுவாங்க, நாப்பது வருஷம் ராத்திரி முழிச்சு பகல்ல தூங்குன உடம்பு அது. நான் மூணு நாள் காலைல போயி நோட்டும் பேனாவுமா உக்காந்தேன், "நடிச்சோம்யா, என்னத்த சொல்ல" அதுக்கு மேல ஒரு வார்த்த வரல. நாலாவது நாள் ராத்திரி சாப்பிட்டுட்டு திண்ணைல சும்மா படுத்திருக்கப்ப அவங்களாவே ஆரம்பிச்சாவ பாருங்க, ஒன்றரை மணி வரைக்கும் நிக்கல, வெத்தலைய மடிச்சு கைல வச்சவங்க அத வாயில போடவே மறந்துட்டாவ. அதுக்கப்புறம் நான் ஒம்பது மணிக்கு முன்ன போனதே இல்ல.

அடுத்து, எந்த வருஷம்னு கேக்காதீங்க, அவங்களுக்கு வருஷம் தெரியாது. ஊர், வேஷம், ஜோடி இந்த மூணும் தான் தெரியும். "களக்காட்டுல கோவலன் கட்டுனீங்களே, கண்ணகி யாரு, பெட்டி யாரு" இப்பிடி கேளுங்க (பெட்டின்னா ஆர்மோனியம்), மேடை எந்த பக்கம் பாத்து போட்டிருந்தாங்க, மைக் எப்ப கெட்டுப் போச்சு, சம்பளத்துல எவ்வளவு பாக்கி வச்சாங்க எல்லாம் வரும். வருஷத்த நம்ம தான் கண்டுபிடிக்கணும். "இந்திராம்மாவ சுட்ட சமயம்"னா 1984 அக்டோபர் கடைசி, "ஆத்துல பெருவெள்ளம் வந்து எல்லாத்தையும் அடிச்சிட்டு போச்சே"ன்னா 1992 நவம்பர் தாமிரபரணி வெள்ளம், தனுஷ்கோடி புயல்னா 1964 டிசம்பர். இந்த மாதிரி நாலஞ்சு முளைய அடிச்சு வச்சுக்கிட்டா மத்த ஊரெல்லாம் அதுக்கு முன்ன பின்னன்னு தானா கட்டிரலாம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாரேன், நான் ரொம்ப லேட்டா புரிஞ்சிக்கிட்டது. ஸ்பெஷல் நாடகத்துல ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர்ல இருந்து, ஸ்திரீபார்ட் (கதாநாயகி வேஷம்) இன்னொரு ஊர்ல இருந்து, பபூன் (கோமாளி) வேற எங்கயோ இருந்து வருவாங்க, மேடைக்கு பின்னால அரிதாரம் பூசும்போது தான் மொகத்தையே பாப்பாங்க, ஏறுனா விடிய விடிய பாட்டும் தர்க்கமும் (ரெண்டு வேஷக்காரங்க எதிர்த்து எதிர்த்து வாதாடுதது) ஓடும். அதனால அவங்க ஞாபகம் அவங்க கிட்ட பாதி தான் இருக்கு, மீதி எதிர்ல நின்ன ஆள் கிட்ட இருக்கு. தனியா உக்கார வச்சு "தர்க்கம் சொல்லுங்க"ன்னா வராது. நான் என்ன பண்ணேன்னா, அம்பாசமுத்திரம் பக்கம் இருந்த ஒரு ஆச்சிய கூட்டிட்டு வந்தேன், வள்ளி வேஷம் கட்டுனவங்க, எழுவது தாண்டியாச்சு, முழங்கால் வலி. ரெண்டு பேரும் முப்பது வருஷமா பாத்துக்கல. "வாங்கண்ணே"ன்னாங்க, "சௌக்கியமாம்மா"ன்னாவ, காப்பி குடிச்சாங்க, அவ்வளவு தான் பேச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு ஆச்சி டம்ளர கீழ வச்சுட்டு நாற்காலிலயே முதுக நிமித்தி முந்தானைய இழுத்து சொருகுனாங்க, தினைப்புனத்துல நிக்க வள்ளி மாதிரி ஒரு கேள்வி விட்டாங்க நாரதரப் பாத்து. தாத்தாவுக்கு அந்த நிமிஷம் குரலே மாறிட்டு. அதுவரைக்கும் "மறந்து போச்சுய்யா"ன்னு சொன்ன தர்க்கம் நாப்பது நிமிஷம் ஓடுச்சு, நடுவுல ஒரு எடத்துல தாத்தா தப்பா எடுத்தப்ப ஆச்சி கையால தாளம் தட்டி அடிய எடுத்துக் குடுத்தாங்க. அந்த ரெக்கார்டிங்க நான் இன்னைக்கும் கேக்கேன். அதனால கூட நடிச்சவங்க யாரு உசுரோட இருக்காங்கன்னு விசாரிங்க, ஸ்திரீபார்ட், பபூன், மிருதங்கம், யாரா இருந்தாலும் சரி, வண்டி வச்சாவது கூட்டிட்டு வாங்க. பெட்டி வாசிச்சவங்க கெடச்சா இன்னும் நல்லது, சுருதிய புடிச்சு விட்டாலே பாட்டு பின்னால வந்துரும். எத்தன கட்டைல (கட்டைன்னா குரலோட சுருதி அளவு) பாடுனாங்கன்னும் குறிச்சுக்கோங்க, வயசாக ஆக அது எறங்கும், அதுவும் அவங்க கதை தான்.

போறதுக்கு முன்ன கொஞ்சம் படிச்சிட்டு போங்க, இல்லேன்னா அவங்க சொல்லுத பேரு எதுவும் பிடிபடாது. சுவாமிகள்னு சொன்னா அது சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டில 1867ல பொறந்தவர், அப்ப அது திருநெல்வேலி ஜில்லா தான். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரின்னு இன்னைக்கும் மேடை ஏறுற நாடகத்துல நெறைய அவர் எழுதுனது, 1918ல மதுரைல பையன்கள வச்சு ஒரு பால சபாவும் நடத்துனாரு. கிட்டப்பான்னா நாடகத்துல பாடி நடிச்ச செங்கோட்டைக்காரர், 1906ல பொறந்து 1933 டிசம்பர்ல 27 வயசுலயே போயிட்டாரு, செங்கோட்டை அப்ப திருவிதாங்கூர்ல இருந்துச்சு, 1956ல தான் நம்ம பக்கம் வந்துச்சு. தாசுன்னா விஸ்வநாத தாஸ், சிவகாசிக்காரர், மேடைல சுதந்திரப் பாட்டு பாடி ஜெயிலுக்கு போனவர், 1940 டிசம்பர் 31 சென்னைல முருகன் வேஷத்துல மயில் மேல இருக்கும்போதே உசுரு போச்சு. எங்க தாத்தா "கிட்டப்பாவ கேட்டிருக்கேன்"னு சொன்னப்ப நான் நேர்லன்னு எழுதிட்டேன், கணக்கு போட்டுப் பாத்தா தாத்தா பொறக்கதுக்கு முன்னயே கிட்டப்பா இல்ல, அவங்க கேட்டது இசைத்தட்டுல. பொய் சொல்லல அவங்க, நான் தான் எதுலன்னு கேக்கல.

பழைய நாடக நோட்டீஸ் இருந்தா அத விட பெரிய சொத்து இல்ல. டிரங்குப் பெட்டி அடில, சலங்கை சுத்துன துணிக்குள்ள, சாமி படத்துக்கு பின்னால எல்லாம் தேடுங்க. கோயில் கொடை (ஊர்க் கோயில் விழா) நோட்டீஸ்ல இங்கிலீஷ் வருஷம் போடாம "பங்குனி மாதம் வெள்ளிக்கிழமை இரவு"ன்னு மட்டும் இருக்கும், ஆனா தமிழ் வருஷம் பேரு இருக்கான்னு பாருங்க. ருத்ரோத்காரின்னா 1983-84, பிரபவன்னா 1987-88, அதே பேரு திரும்ப வர 60 வருஷம் ஆகும், அதனால கொழப்பம் வராது. மாவட்டம் பேரும் காட்டிக் குடுக்கும், நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்னு அச்சடிச்சிருந்தா 1986ல தூத்துக்குடி பிரிஞ்சதுக்கு அப்புறம், 1997க்குள்ள. லை, னை, றா எல்லாம் பழைய எழுத்துல இருந்தா 1978க்கு முந்தினதா இருக்க வாய்ப்பு உண்டு, ஆனா சின்ன அச்சாபீஸ்ல பழைய எழுத்த அதுக்கப்புறமும் ஓட்டிக்கிட்டு தான் இருந்தாங்க, அத மட்டும் நம்பாதீங்க.

நோட்டீஸ யார் கைலயும் குடுக்காதீங்க, மொதல்ல வெளிச்சத்துல வச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. எங்க வீட்டு நோட்டீஸ் பதினோரு எண்ணம் ஒரு விழா மலருக்குன்னு ஒருத்தர் வாங்கிட்டு போனாரு, மலரும் வரல நோட்டீஸும் வரல. அதுல தாத்தா மொதல் தடவ ராஜபார்ட்டா பேரு போட்ட நோட்டீஸும் இருந்துச்சு, நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

மேடை கதைய மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சுராதீங்க. மாசி பங்குனில இருந்து ஆடி வரை கொடை, திருவிழான்னு ராத்திரி ராத்திரி நாடகம் இருக்கும், ஐப்பசி கார்த்திகை அடமழைல என்ன பண்ணீங்கன்னு கேளுங்க. எங்க தாத்தா அந்த மாசத்துல வயக்காட்டு வேலைக்கு போயிருக்காவ, எங்க வீட்டு ஆச்சி பீடி சுத்தி வீட்ட ஓட்டியிருக்காங்க, மேடைல போடுத வெள்ளிக் கொலுச அடகு வச்சு சித்திரைல மீட்டுருக்காங்க. ராஜா வேஷம் கட்டுனவங்க விடிஞ்சதும் அரிதாரத்த தேங்காண்ணெய் தொட்டு தொடச்சிட்டு மொத பஸ்ஸுக்கு நின்ன கதை, எங்களுக்கு யாருமே அதுவரைக்கும் சொன்னதில்ல.

ஸ்திரீபார்ட்டா இருந்த ஆச்சிமார் கிட்ட பேசும்போது பாத்து பேசுங்க, ஊர் அவங்கள பேசுன பேச்சு கொஞ்சநஞ்சமில்ல. ஆம்பளைங்க, மருமக்கமாரு சுத்தி நிக்கும்போது கேக்காதீங்க, வீட்டுப் பொம்பளைங்க யாராவது கூட இருக்கட்டும், "இத எழுதாத"ன்னு சொன்னா ரெக்கார்டிங்கயும் அவங்க கண்ணு முன்னாலயே அழிச்சிருங்க.

போன ஏரோபிளேன் மோடுல போட்டு ஒரு துண்ட மடிச்சு அது மேல வைங்க, ஃபேன நிறுத்திருங்க. பாட்டு தப்பா இருக்கேன்னு நடுவுல திருத்தாதீங்க, அச்சுப் புத்தகத்துல ஒரு மாதிரி இருக்கும் அவங்க வாயில வேற மாதிரி இருக்கும், மேடைல ஓடுனது அவங்க வாயில இருக்கது தான். எழுதும்போது பொறந்த தேதில ஆரம்பிக்காம வேஷத்து வரிசைல எழுதிப் பாருங்க, மொத பாலபார்ட் (சின்னப் பையன் வேஷம்), அப்புறம் ராஜபார்ட், பல்லு போனதும் நாரதர், கடைசில சின்னப் பையன்களுக்கு பாட்டு சொல்லிக் குடுத்த வாத்தியார். எங்களுக்கு அதுல தான் கதை ஒழுங்கா வந்துச்சு.

எழுதுனத ஒரு காப்பி கூட நடிச்சவங்க வீட்டுக்கு குடுங்க, ஒரு காப்பி நாடக நடிகர் சங்கத்துக்கு. சென்னைல ரோஜா முத்தையா நூலகத்துல பழைய அச்சு சாமான் எல்லாம் பத்திரமா வச்சிருக்காங்க, அங்கயும் கேட்டுப் பாக்கலாம். அப்புறம் குரூப் போட்டோவ எடுத்துக்கிட்டு இன்னைக்கு ராத்திரியே உக்காருங்க, ஒவ்வொரு மொகமா விரல் வச்சு பேரும் ஊரும் கேட்டு பின்னால பென்சில்ல எழுதுங்க, பேனா வேண்டாம், மை இந்தப்பக்கம் ஊறிரும். எங்க போட்டோல எடது ஓரம் டோலக்கோட நிக்க ஆளு யாருன்னு தாத்தாவுக்கும் தெரியல ஆச்சிக்கும் தெரியல, முக்கூடல் பக்கம் ஒருத்தவங்களுக்கு தெரியும்னாங்க, வார ஞாயித்துக்கிழமை போறேன்.