ஹாஸ்ப்ரோ ரெஸ்லிங் பொம்மைகள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி, தரம் பார்ப்பது எப்படி

நாலரை அங்குல உயரம். உள்ளங்கையில் வைத்து மூடினால் தலை மட்டும் வெளியே தெரியும். சிலரை இடுப்புக்கு மேலே பிடித்து அழுத்திவிட்டு விரலை எடுத்தால் துள்ளி எழுவார்கள். சிலரின் கையைப் பின்னால் இழுத்துவிட்டால் ஸ்பிரிங் வேகத்தில் குத்து விழும். 1990 முதல் 1994 வரை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற ரெஸ்லிங் நிறுவனத்தின் வீரர்களை வைத்துச் செய்த பொம்மைகள் இவை. இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்று அழைக்கப்படுவது அந்த ரெஸ்லிங் நிறுவனம்தான். 2002ல் பெயரை மாற்றிக்கொண்டது.

ரெஸ்லிங் பொம்மை சேகரிக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் ஹாஸ்ப்ரோவில் தொடங்கச் சொல்வேன். ஏன் என்று முதல் படியிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு வருவதெல்லாம், ஒரு பொம்மை கைக்கு வந்ததும் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதுதான். இந்தப் பொழுதுபோக்கில் காசு வீணாவது பெரும்பாலும் அவசரமாகப் பார்ப்பதால்தான்.

படி 1: ஒரே ஒரு வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

பொம்மை செய்யும் நிறுவனம் மாறும்போதெல்லாம் பொம்மையின் உயரமும் பொருளும் செய்நேர்த்தியும் மாறியிருக்கின்றன. 1984 முதல் 1989 வரை எல்.ஜே.என். நிறுவனம் எட்டு அங்குலத்தில் கெட்டி ரப்பர் பொம்மைகள் செய்தது. கை கால் எதுவும் அசையாது, கையில் எடுத்தால் நல்ல கனம். அதன் பிறகு ஹாஸ்ப்ரோ. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தொடங்கி 2009 வரை ஜாக்ஸ் பசிஃபிக். 2010 முதல் மேட்டல். போட்டி ரெஸ்லிங் நிறுவனமான ஏ.இ.டபிள்யூ.வின் வீரர்களை 2020ல் ஜாஸ்வேர்ஸ் செய்யத் தொடங்கியது.

ஜாக்ஸும் மேட்டலும் விட்ட பொம்மைகளுக்குக் கணக்கே இல்லை. மேட்டல் இன்றும் புதிதாக விட்டுக்கொண்டே இருக்கிறது. துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஹாஸ்ப்ரோ அப்படி இல்லை. கதவு 1994லேயே சாத்தியாகிவிட்டது. மொத்தம் நூறுக்குச் சற்று மேல். எது வந்தது, எது வரவில்லை என்று முழுப் பட்டியல் இருக்கிறது. புதிதாக வருபவருக்கு இது பெரிய நிம்மதி.

படி 2: அந்த வரிசைக்குள்ளும் எல்லை போடுங்கள்

நூறையும் ஒரே மூச்சில் வாங்கக் கிளம்ப வேண்டாம். 1990ல் வந்த முதல் பன்னிரண்டு பேரை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்: ஹல்க் ஹோகன், அல்டிமேட் வாரியர், மாச்சோ மேன் ராண்டி சாவேஜ், ஆந்த்ரே த ஜயண்ட், ஜேக் ராபர்ட்ஸ், டெட் டிபியாஸி, பிக் பாஸ் மேன், அகீம், ரிக் ரூட், ப்ரூட்டஸ் பீஃப்கேக், டெமோலிஷன் ஜோடியான ஆக்ஸ், ஸ்மாஷ்.

இதில் ஹோகனும் வாரியரும் சுலபமாகக் கிடைப்பார்கள். அவர்கள் இருவரையும் ஹாஸ்ப்ரோ வேறு வேறு உடையில் பல முறை விட்டது, குழந்தைகளும் அவர்களைத்தான் அதிகம் கேட்டார்கள். ஆந்த்ரேவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

எது அரிது என்பதற்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் விற்பவர் சொல்லும் கதையில் மயங்க மாட்டீர்கள். டஸ்டி ரோட்ஸ் பொம்மை 1991ல் வந்தது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அவர் டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பை விட்டுப் போய்விட்டார். அதனால்தான் இன்றும் அது தேடிப் பிடிக்க வேண்டிய பொம்மையாக இருக்கிறது. 1994ல் பச்சை அட்டையில் வந்த கடைசித் தொகுப்பும் அப்படித்தான். ஆடம் பாம், லுட்விக் போர்கா, பார்ட் கன், பில்லி கன், 1-2-3 கிட் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். வரிசை முடியும் நேரம் என்பதால் கடைகளுக்குப் போனதே குறைவு. இன்னொன்று, கமாலா என்ற வீரரின் பொம்மை. கடைக்கு வந்த கமாலாவின் வயிற்றில் நட்சத்திரம் இருக்கும். நிலா வரைந்த கமாலா தயாரிப்புக்கு முந்திய மாதிரி. உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே இருக்கின்றன. யாராவது உங்களிடம் நிலா கமாலாவைச் சல்லிசான விலைக்கு நீட்டினால், வயிற்றில் பெயிண்ட் அடித்தது யார் என்று கேளுங்கள்.

படி 3: அட்டையோடு வாங்குவதா, லூஸாக வாங்குவதா

பிரிக்காமல் அட்டையும் பிளாஸ்டிக் குமிழும் அப்படியே இருந்தால் அது கார்டோடு இருக்கும் பொம்மை. பிரித்துவிட்டதை லூஸ் என்பார்கள். தொடக்கத்தில் லூஸ் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம். விலை பல மடங்கு குறைவு என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, லூஸ் பொம்மையைத்தான் திருப்பிப் பார்த்து, மூட்டுகளை அசைத்து, ஸ்பிரிங்கை இழுத்துப் பழக முடியும். இருபது லூஸ் பொம்மைகளைக் கையாண்ட கைக்கு, இருபத்தொன்றாவதை எடுத்ததுமே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

இங்கே நிதானம் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருங்கள். ஒரு பூதக்கண்ணாடி போதும்.

முதலில் மூக்கு. எந்தப் பொம்மை கீழே விழுந்தாலும் முதலில் அடிபடுவது மூக்கு நுனி, முட்டி, பூட்ஸின் முன்பக்கம், பின்னந்தலை. இந்த நான்கு இடத்திலும் பெயிண்ட் இருந்தால் மற்ற இடங்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆந்த்ரேவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தோளில் மட்டும் பட்டை போகும் கறுப்பு உடை. அந்தப் பட்டையின் விளிம்பில் கறுப்புத் தேய்ந்து அடியில் இருக்கும் தோல் நிறம் மெல்லிய கோடாகத் தெரிகிறதா என்று பாருங்கள். சில விற்பனையாளர்கள் அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் தொட்டுவிடுவார்கள். பொம்மையைச் சாய்த்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ வைத்தால் மாட்டிக்கொள்ளும். கம்பெனி பெயிண்டின் மினுமினுப்பு ஒரே சீராக இருக்கும். மார்க்கர் பட்ட இடம் ஊதா ஓடியோ மங்கியோ தெரியும்.

அடுத்தது மூட்டு. பொம்மையை நிற்க வையுங்கள். தானாக நிற்க வேண்டும். தோளை அசைத்தால் கொஞ்சம் இறுக்கம் இருக்க வேண்டும். கை தொளதொளவென்று தொங்கினால் நிறைய விளையாடிய பொம்மை.

மூன்றாவது ஸ்பிரிங். ஹாஸ்ப்ரோ பொம்மையின் உயிரே அதுதான். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அசைவு உண்டு: குத்து, துள்ளல், இடுப்புத் திருப்பம், கட்டிப்பிடி. அதை மெதுவாக மூன்று முறை இயக்கிப் பாருங்கள். பாதியில் நின்றாலோ, உள்ளே கரகரவென்று சத்தம் வந்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வாங்கினால், அசைவு வேலை செய்வதைச் சின்ன வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

நான்காவது நிறம். உடல் முழுக்க ஒரே தோல் நிறமா? முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்றால் வெயிலில் கிடந்திருக்கலாம், அல்லது இரண்டு பொம்மைகளின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கலாம்.

ஐந்தாவது எழுத்து. உடலில் பொடி எழுத்தில் ஹாஸ்ப்ரோவின் பெயரும், அன்று டபிள்யூ.டபிள்யூ.எஃப்.பின் சொந்தக்காரரான டைட்டன் ஸ்போர்ட்ஸின் பெயரும், ஓர் ஆண்டும் அச்சாகியிருக்கும். புதியவர்கள் தடுமாறுவது அந்த ஆண்டில்தான். அது உரிமை பதிந்த ஆண்டு. ஹாஸ்ப்ரோ ஒரே உடல் அச்சில் வேறு தலையையும் வேறு பெயிண்டையும் வைத்துப் பல வீரர்களைச் செய்தது. அதனால் 1993ல் வந்த பொம்மையில் அதற்கு முந்திய ஆண்டு இருந்தால் பதற வேண்டாம். எழுத்தே இல்லாமல் வழவழவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மேட்டல் என்று எழுதியிருந்தால் அது வேறு பொம்மை. 2017ல் மேட்டல் ரெட்ரோ என்ற பெயரில் இதே அளவில், இதே தோற்றத்தில், ஹாஸ்ப்ரோவை நினைவூட்டும் வரிசை ஒன்றைத் தொடங்கியது. நல்ல பொம்மைகள்தான், ஆனால் அவற்றை 1990ல் வந்த பொம்மைகளின் விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

கடைசியாகத் துணைப்பொருட்கள். ஜேக் ராபர்ட்ஸுக்குப் பாம்பு, ஜிம் டக்கனுக்கு மரக்கட்டை, ஹாங்கி டாங்க் மேனுக்குக் கிடார், லீஜன் ஆஃப் டூம் ஜோடிக்குக் கழற்றி மாட்டக்கூடிய முள் தோள்கவசம். இவை தொலைந்துபோவதுதான் வழக்கம். அதனால் தனியாகவே விற்கிறார்கள், நகலும் நிறைய வந்துவிட்டது. வார்ப்பின் கோடுகள் கூர்மையில்லாமல் மழுங்கி இருந்தால் நகலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 5: மதிப்பெண் போடுங்கள்

லூஸ் பொம்மைக்குச் சேகரிப்பாளர்கள் சி-1 முதல் சி-10 வரை மதிப்பெண் சொல்வார்கள். சி-10 என்றால் இப்போதுதான் அட்டையிலிருந்து எடுத்தது போல இருக்க வேண்டும். விற்பவர்கள் வாய்க்கு வந்தபடி சி-9 என்று எழுதுவார்கள். அவர் எண்ணைப் பார்க்கும் முன்பே படங்களை மட்டும் பார்த்து உங்கள் எண்ணைப் போட்டுவிடுங்கள். நான் போடும் முறை: பத்தில் தொடங்கி, முகத்தில் பெயிண்ட் போயிருந்தால் இரண்டு கழிப்பேன், மற்ற இடத்தில் தேய்மானத்துக்கு ஒன்று, மூட்டுத் தளர்வுக்கு ஒன்று, ஸ்பிரிங் வேலை செய்யாவிட்டால் மூன்று. இது என் கணக்கு, நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பொம்மைக்கும் ஒரே கணக்கைப் போடுங்கள்.

தரம் பார்த்துச் சான்று கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவின் ஏ.எஃப்.ஏ. நூறுக்கு மதிப்பெண் போட்டு, கண்ணாடி போன்ற அக்ரிலிக் பெட்டியில் அடைத்துத் தரும். 85 என்பதே நல்ல தரம். தொடக்கக்காரருக்கு இது தேவையில்லை. விலை உயர்ந்த, பிரிக்காத பொம்மைக்கு மட்டும் யோசிக்கலாம்.

படி 6: அட்டையோடு வாங்கும் நாள் வரும்போது

என் இரண்டாவது கார்ட் பொம்மை பிரித்து ஒட்டியது. வந்து ஒரு வாரம் கழித்து, குமிழின் கீழ் விளிம்பில் பசை மினுங்குவதைப் பார்த்தேன். உள்ளே இருந்த பொம்மையின் முட்டியில் பெயிண்ட் தேய்ந்திருந்தது. பிரிக்காத பொம்மைக்குத் தேய்மானம் எப்படி வரும்? வாங்கும்போது நான் பார்க்கத் தவறியது இதைத்தான். அதிலிருந்து இந்த வரிசையில் பார்க்கிறேன்: குமிழ் அட்டையில் ஒட்டியிருக்கும் ஓரத்தைச் சுற்றி வந்து, பசை வெளியே வழிந்திருக்கிறதா, அட்டைத்தாள் உரிந்து வெள்ளை நார் தெரிகிறதா என்று பார்ப்பேன். பிறகு உள்ளே இருக்கும் பொம்மையில் தேய்மானம். பிறகு அச்சு. பூதக்கண்ணாடியில் பழைய அட்டையின் அச்சு ஒழுங்கான புள்ளி வளையங்களாகத் தெரியும். வீட்டு பிரிண்டரில் எடுத்த நகலில் மை தூவியது போல ஒழுங்கில்லாமல் இருக்கும்.

இதெல்லாம் தேறினால் மடிப்பு, மூலைத் தேய்மானம், குமிழ் மஞ்சளானது, விலைச் சீட்டைக் கிழித்த தழும்பு என்று கழித்துக்கொண்டே வரலாம். மேலே தொங்கவிடும் துளை குத்தப்படாமல் இருந்தால் கூடுதல் மதிப்பு. கடைக் கம்பியில் தொங்காத அட்டை அது.

படி 7: விலை

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி இருக்கிறது. அதே பொம்மை, அதே தரம், கடைசியாக விற்ற ஐந்தாறு விலைகளை எழுதுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு மீதியை வைத்து ஒரு எல்லை போட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கவரியும் சேரும். சில சமயம் பொம்மையைவிட அவை அதிகமாகிவிடும். அப்போது ஒவ்வொன்றாக வாங்காமல் எட்டுப் பத்து லூஸ் பொம்மைகள் அடங்கிய மொத்தக் கட்டாக வாங்குவது கட்டுப்படியாகும்.

படி 8: சுத்தம் செய்வதும் வைப்பதும்

லூஸ் பொம்மையை முழுசாகத் தண்ணீரில் முக்காதீர்கள். உள்ளே இருப்பது உலோக ஸ்பிரிங். நான் ஒரு ஸ்மாஷை இரவு முழுக்க சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். முகம் பளிச்சென்று வந்தது. பத்து நாளில் இடுப்பு மூட்டிலிருந்து துருநீர் கசிந்து தொடையில் பழுப்புக் கறையாக இறங்கியது. அது இன்றும் போகவில்லை. வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு, அதில் நனைத்துப் பிழிந்த மெல்லிய டூத் பிரஷ், உடனே துடைக்கப் பருத்தித் துணி, இவ்வளவுதான் வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கம் போகவே வேண்டாம், அழுக்கோடு பெயிண்டும் வந்துவிடும்.

வெயில் படாத அலமாரியில் வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு அவ்வப்போது மாற்றுங்கள். இரண்டு பொம்மைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டாம், நிறம் ஒட்டிக்கொள்ளும்.

படி 9: நோட்டில் எழுதுங்கள்

ஒவ்வொரு பொம்மைக்கும் நாலு வரி. என் நோட்டிலிருந்து ஒன்று:

ஆந்த்ரே, 1990, லூஸ். மூக்கு நுனியில் ஊசிமுனை அளவு பெயிண்ட் இல்லை, தோளில் போகும் கறுப்புப் பட்டையின் விளிம்பு நன்றாக இருக்கிறது. அசைவு மூன்று முறையும் சரி. வலது தோள் மட்டும் சற்றுத் தளர்வு. விற்றவர் சொன்னது சி-9, என் கணக்கு சி-7. சி-7 விலைக்கே பேசி வாங்கியது.