கோவளத்து அலைக்குப் புறப்படுமுன் துடுப்புப் பலகையைத் திருப்பப் பழகுதல்

விடுமுறையில் சென்னைக்குச் செல்லும்போது, உறவினர் வீடுகளுக்கு நடுவே ஒரு காலைப்பொழுதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள கோவளத்தில் துடுப்புப் பலகையில், அதாவது நின்றபடி துடுப்பு போட்டு ஓட்டும் பலகையில், அலைமேல் சறுக்க ஒதுக்க நினைக்கும் சிங்கப்பூர்த் தமிழர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சுமத்ராவும் மலாய்த் தீபகற்பமும் மறைத்து நிற்பதால் பெருங்கடல் அலை நம் கரையை எட்டுவது அரிது. பாசிர் ரிஸ், சிலோசோ போன்ற நம் கடற்கரைகளில் துடுப்பு போட்டுப் பழகியவர்கள் பலகையைக் கைவலிமையாலேயே திருப்பிவிடுகிறார்கள். வங்கக் கடலில் அது போதாது. அங்கே பலகையைத் திருப்புபவை கால்களே.

கை வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலப்பக்கம் பலகையின் முன்முனையருகே துடுப்பை இறக்கி, அகன்ற அரைவட்டமாக வால் எனப்படும் பின்முனைவரை இழுத்தால் முனை இடப்புறம் திரும்பும். அதே பக்கத்தில் வாலிலிருந்து முனைநோக்கித் தள்ளினால் வலப்புறம் திரும்பும். முழங்கால்கள் மடங்கியிருக்க, தோள்களோடு இடுப்பும் சுழல வேண்டும்.

கால் வேலைக்குத்தான் நாள் பிடிக்கும். பலகை நீரில் முழு நீளமும் படிந்திருக்கும்வரை அது நேராக ஓடவே விரும்பும். ஒரு காலைப் பின்னால் வைத்து வாலை அழுத்தினால் முனை நீரைவிட்டு எழும். அப்போது ஒரே இழுப்பில் பலகை தன்னைச் சுற்றிவரும். பின்வாங்கும் கால் நடுக்கோட்டின் மேலேயே பதிய வேண்டும், பார்வை பாதங்களில் அல்லாமல் போகவேண்டிய திசையில் இருக்க வேண்டும், துடுப்பு நீரைவிட்டு எழாமல் ஊன்றுகோலாக நிற்க வேண்டும். பயணத்திற்கு முந்தைய வாரங்களில் இதை இரு பக்கமும் பழகுவது நல்லது. பெரும்பாலோர் தமக்கு எளிதான பக்கத்தையே திரும்பத் திரும்பச் செய்து திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

கோவளத்தின் பாறைமுனையில் உடையும் அலை, அதில் சறுக்குபவருக்கு வலப்புறமாக ஓடும். இடக்காலை முன்வைத்து நிற்பவருக்கு அலை கண்முன் இருக்கும். அலையின் சரிவில் இறங்கி வந்ததும் வலப்பக்க நீரில் துடுப்பின் அலகைச் சாய்த்து ஊன்றி, கால்விரல் பக்கமுள்ள பலகையின் விளிம்பை அழுத்தினால் பலகை அலைச்சுவரை நோக்கி வளையும். வலக்காலை முன்வைப்பவருக்கு அலை முதுகுப்புறம் அமைவதால், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக் குதிகால் பக்கம் சாய வேண்டியிருக்கும்; அவர்கள் முதல்நாள் சிறிய அலையோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

பருவத்தையும் பார்க்க வேண்டும். நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையும் பெரும்பாலும் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவதால், அப்போது கடல் கொந்தளிப்பாக இருக்கும், புயலும் வரலாம். ஜூன் விடுமுறை மேலானது, ஆனால் பிற்பகலில் கடற்காற்று எழுந்து நீரைக் கலக்கிவிடும் என்பதால் விடியலிலேயே இறங்கிவிடுவது நலம்.

பலகையை விமானத்தில் ஏற்றிச் செல்லும் தொல்லை வேண்டியதில்லை, அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் ஏரிக்கும் அமைதியான கடலுக்கும் உரிய நீளமான பலகையைக் கொடுத்தால் ஏற்காமல், அலைக்கேற்ற குட்டையானதைக் கேளுங்கள். பலகையைக் காலோடு பிணைக்கும் கால்கயிற்றை இழுத்தும் சோதியுங்கள். கோவளம் மீனவர் ஊர். காலையில் ஃபைபர் படகுகள் கரையேறும். “அண்ணே, வலை எந்தப் பக்கம் கிடக்கிறது?” என்று கரையில் நிற்பவரைக் கேட்டறிந்து, படகுகள் வரும் வழியை விட்டு விலகியே இறங்குங்கள்.