பூனையின் இனத்தைக் கண்டறிவது எப்படி? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

"சாம்பல் நிறமா இருக்கே, ரஷ்யன் ப்ளூவா?" "நீலக் கண்ணு, அப்போ சியாமீஸ்தானே?" பூனை வளர்க்க ஆசைப்படும் புதியவர்கள் அடிக்கடி கேட்பது இதைத்தான். இரண்டு கேள்விகளும் நிறத்திலிருந்து தொடங்குகின்றன; குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே நிறம் பல இனங்களில் வரும், ஒரே இனம் பல நிறங்களில் வரும். ஆரஞ்சுப் பூனை, மூவண்ணப் பூனை, வரிப்பூனை என்று சொல்வதெல்லாம் நிறத்தைத்தான். எதுவும் இனப் பெயர் அல்ல. நெற்றியில் 'எம்' போன்ற கோடு இருந்தால் ஏதோ உயர்ந்த இனம் என்று சிலர் நம்புகிறார்கள். வரி விழுந்த எந்தப் பூனைக்கும் அந்தக் கோடு இருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகில் இருக்கும் வீட்டுப் பூனைகளில் மிகப் பெரும்பாலானவை எந்த இனத்தையும் சேராதவை. பூனை மனிதனை ஒட்டி வாழத் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் ஓர் இனம் எப்படி இருக்க வேண்டும் என்று இலக்கணம் எழுதி, பெற்றோரைத் தேர்ந்தெடுத்து இனம் வளர்ப்பது பெரும்பாலும் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வீர் நடத்திய பூனைக் கண்காட்சிக்குப் பிறகு வந்த பழக்கம். எனவே வம்சாவளிச் சான்றிதழ் இல்லாத பூனையைப் பார்த்து "இந்த இனத்தின் சாயல் இருக்கிறது" என்று சொல்லலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

படி 1: தலையைப் பக்கவாட்டில் பாருங்கள்

நேராகப் பார்த்தால் பஞ்சுபோன்ற முகங்கள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். பூனையின் உயரத்துக்குக் குனிந்து, நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஓடும் கோட்டைப் பக்கவாட்டில் கவனியுங்கள்.

பாரசீகப் பூனைக்கு அந்தக் கோடே இருக்காது. முகம் தட்டையாக, மூக்கு கண்களுக்கு நடுவே ஏறியிருக்கும். அதே முகம், ஆனால் ரோமம் மட்டும் குட்டை என்றால் அது எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர். சியாமீஸ் இதற்கு நேர் எதிர்: மூக்கு நுனியையும் இரண்டு காது நுனிகளையும் இணைத்தால் முக்கோணம் கிடைக்கும், உடலும் ஒல்லி, நீளம்.

பெரிய உடல், அடர்ந்த ரோமம் கொண்ட மூன்று இனங்களைப் பிரிக்க இந்தக் கோடுதான் பெரிய உதவி. மெயின் கூன் பூனைக்கு மூக்குத்தண்டு லேசாக உள்வளைந்து இறங்கும். வாய்ப்பகுதி சதுரமாக, துருத்திக்கொண்டு நிற்கும். நார்வீஜியன் ஃபாரஸ்ட் பூனைக்குப் புருவத்திலிருந்து மூக்கு நுனி வரை அளவுகோல் வைத்த மாதிரி நேர்கோடு, முகம் முக்கோணம். சைபீரியனுக்கு எல்லாமே உருண்டை: தலை, கண், உடல். காது நுனியில் குஞ்சம் இருப்பதை மட்டும் பார்த்து மெயின் கூன் என்று முடிவு கட்டாதீர்கள். மற்ற இரண்டுக்கும் அது வரும்.

படி 2: காதும் வாலும்

இவை பார்த்தவுடன் தெரிபவை. காது பின்பக்கமாகச் சுருண்டிருந்தால் அமெரிக்கன் கர்ல். வால் இல்லாமலோ வெறும் குமிழ் போலவோ இருந்தால் மாங்ஸ். ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்து வந்தது. முயல் வால் போலக் குட்டையாகச் சுருண்டிருந்தால் ஜப்பானீஸ் பாப்டெய்ல்.

காது முன்பக்கம் மடிந்து தொப்பி போட்டது போல இருந்தால் ஸ்காட்டிஷ் ஃபோல்டு. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1961-இல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்த இனம் இது. குட்டி பிறக்கும்போது காது நேராகத்தான் இருக்கும்; மூன்று, நான்கு வாரங்களில் மடியத் தொடங்கும். காதை மடிய வைப்பது குருத்தெலும்பில் உள்ள கோளாறு. அந்தக் கோளாறு காதோடு நிற்பதில்லை. வால், கணுக்கால், பாதம் என்று உடல் முழுக்க மூட்டுகளைப் பாதிக்கிறது. சில பூனைகள் சிறு வயதிலேயே குதிக்கத் தயங்கும், வால் விறைத்துப்போகும். பிரிட்டனின் முக்கியமான பூனைப் பதிவு அமைப்பு இந்த இனத்தைப் பதிவு செய்வதே இல்லை. மடிந்த காது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகுக்கான விலையைப் பூனை தன் மூட்டுகளில் செலுத்துகிறது. இந்த இனத்தை வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

படி 3: ரோமத்தைத் தொட்டுப் பாருங்கள்

பூனை அனுமதித்தால் மட்டும். முதுகு ரோமத்தை விரலால் பிரித்து, ஒரு முடியை வேரிலிருந்து நுனி வரை பாருங்கள். அபிசீனியன் பூனையில் அந்த ஒரே முடியில் வெளிறியதும் அடர்ந்ததுமாக நிறப் பட்டைகள் மாறி மாறி வரும். தள்ளி நின்று பார்த்தால் உடலில் வரிகளே இல்லாமல், செம்பழுப்பாக மினுங்குவதற்குக் காரணம் இதுதான்.

ரஷ்யன் ப்ளூவின் ரோமம் இரண்டு அடுக்கு. விரலால் அழுத்திக் கோடு போட்டால் தடம் அப்படியே நிற்கும். கார்னிஷ் ரெக்ஸுக்கு உடலை ஒட்டி அலையலையான ரோமம். ஸ்பிங்ஸ் மொட்டையாகத் தெரிந்தாலும் தோல் மேல் மெல்லிய பூமுடி இருக்கும். தோலின் எண்ணெயை உறிஞ்ச ரோமம் இல்லாததால் அதை அடிக்கடி குளிப்பாட்ட வேண்டும். குளிரும் வெயிலும் அதைச் சட்டென்று பாதிக்கும்.

பாரசீகத்துக்குத் தினமும் சீவிவிட நேரம் வேண்டும். நேரம் இல்லாதவர்கள் அதை வாங்கக் கூடாது. இரண்டு வாரம் விட்டால் சிக்கு பிடித்து, தோல் இழுபட்டுப் புண்ணாகும்.

படி 4: இப்போது நிறமும் கண்ணும்

சியாமீஸின் முகம், காது, கால், வால் மட்டும் கறுத்திருப்பது ஏன் தெரியுமா? நிறமியை உண்டாக்கும் நொதி அதன் உடலில் வெப்பத்தைத் தாங்காது. உடலின் சூடான நடுப்பகுதியில் அது வேலை செய்வதில்லை. குளிர்ந்த ஓரங்களில் மட்டும் வேலை செய்து கறுப்பு ஏற்றுகிறது. தாயின் வயிறு முழுவதும் சூடு என்பதால் குட்டிகள் வெள்ளையாகவே பிறக்கும். வயதாக ஆக உடல் நிறமும் அடர்ந்துகொண்டே போகும்.

இந்த ஓர நிறம் சியாமீஸுக்கு மட்டும் சொந்தமல்ல. பாரசீக முகத்தோடு வந்தால் ஹிமாலயன். நான்கு பாதங்களிலும் வெள்ளைக் கையுறை, பட்டு ரோமம், நீலக் கண் என்றால் பர்மன். பெரிய உடலோடு, தூக்கினால் தளர்ந்து கையில் சாய்ந்தால் ராக்டாலாக இருக்கலாம். 1960-களில் கலிபோர்னியாவில் ஆன் பேக்கர் உருவாக்கிய இனம் அது. ராக்டாலிலும் வெள்ளைப் பாதம் கொண்டவை உண்டு, அதனால் பாதத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

சாம்பல் பூனைகளைப் பிரிக்கக் கண்ணைப் பாருங்கள். பச்சைக் கண், ஒல்லி உடல், இரட்டை அடுக்கு ரோமம் என்றால் ரஷ்யன் ப்ளூ. பச்சைக் கண்ணோடு முகம் இதய வடிவில் இருந்து, ரோமம் ஒற்றை அடுக்காகப் படிந்திருந்தால் தாய்லாந்தின் கோராட். செம்பு நிறக் கண், உருண்டை முகம், குண்டுக் கன்னம் என்றால் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர். அதே கண்ணோடு, வாய் மட்டும் சற்றுக் கூர்ந்து புன்னகைப்பது போலத் தெரிந்தால் பிரான்சின் ஷார்ட்ரூ. குட்டியிடம் இந்தச் சோதனை எடுபடாது. எல்லாக் குட்டிகளும் நீலக் கண்ணோடுதான் பிறக்கின்றன. நிறம் மாறி நிலைக்கச் சில மாதங்கள் ஆகும்.

புள்ளிப் பூனைகளில், புள்ளி வெறும் புள்ளியாக இல்லாமல் நடுவில் வேறு நிறத்தோடு வளையமாக இருந்தால் பெங்கால். காட்டில் வாழும் சிறுத்தைப் பூனையையும் வீட்டுப் பூனையையும் கலந்து வந்தது. ஓடவும் ஏறவும் இடம் வேண்டும், சும்மா இருக்கவே தெரியாது. எகிப்தியன் மாவுக்கு வளையம் இல்லாத தனிப் புள்ளிகள், வெளிர்பச்சைக் கண்.

முழு வெள்ளையில் நீலக் கண் இருந்தால், எந்த இனமானாலும் காது கேட்கிறதா என்று பாருங்கள். அது பார்க்காத நேரத்தில் பின்னால் நின்று மெல்லக் கைதட்டினால் போதும், காது திரும்புகிறதா என்று தெரிந்துவிடும்.

படி 5: குணம்

சியாமீஸ் ஓயாமல் பேசும், பாரசீகம் அமைதி, அபிசீனியன் துறுதுறு. பொதுவாக இது சரிதான். ஆனால் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளே வெவ்வேறாக வளரும்.

படி 6: வாங்குவதற்கு முன்

பெற்றோரின் சோதனை அறிக்கைகளைக் கேளுங்கள். பாரசீகத்துக்கும் அதன் கலப்புகளுக்கும் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வரும் பரம்பரை நோய் உண்டு. மரபணுச் சோதனையில் தெரிந்துவிடும். மெயின் கூனுக்கும் ராக்டாலுக்கும் இதயத் தசை தடிக்கும் நோய். இதற்கும் மரபணுச் சோதனை இருக்கிறது, ஆனால் அது எல்லாக் காரணங்களையும் பிடிக்காது. அதனால் தாய் தந்தையின் இதய ஸ்கேனையும் கேட்க வேண்டும்.

தட்டை முகக் குட்டி என்றால், அது விளையாடி முடிக்கும் வரை காத்திருந்து மூச்சைக் கவனியுங்கள். குறட்டை போலச் சத்தம், எப்போதும் வழியும் கண், மூக்குத் துவாரம் கோடாகச் சுருங்கியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். அப்புறம், 12 வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்க வேண்டாம். தாயைக் காட்ட மறுப்பவரிடமும்தான்.