புதுப்பித்த பழைய சொகுசுக் கப்பல்: பயணிகள் சொல்வதை எப்படி வாசிப்பது, ஏறியதும் எதைச் சோதிப்பது

இருபது, இருபத்தைந்து வயதான சொகுசுக் கப்பலைப் புதுப்பிக்கப் பெரும்பாலும் சில வாரங்களே கிடைக்கும். கப்பல் கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் நிறுவனத்துக்கு வருமான இழப்பு. அந்தச் சில வாரங்களில் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும், புரொப்பெல்லரைப் பார்க்க வேண்டும், இயந்திர வேலைகளை முடிக்க வேண்டும். கூடவே கம்பளம், மெத்தை, திரைச்சீலை, விளக்கு, புதிய உணவகம். சுவருக்குப் பின்னால் ஓடும் குழாயும் ஒயரும் பெரும்பாலும் பழையபடியே இருந்துவிடும். ஒரே பயணத்தை ஒருவர் ‘புத்தம் புதுசு’ என்றும் இன்னொருவர் ‘நாற்றம் தாங்கவில்லை’ என்றும் சொல்வது இதனால்தான். ஒருவர் கம்பளத்தைப் பார்த்தார், மற்றவருக்குக் குளியலறை வடிகால் வாய்த்தது. இருவர் சொல்வதும் உண்மை.

முதலில் கப்பலின் நிஜ வயதைக் கண்டுபிடியுங்கள். பெயர் மாறலாம், நிறுவனம் மாறலாம், ஆனால் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் (சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அடையாள எண்) கப்பலின் ஆயுள் முழுக்க மாறாது. அதை வைத்துத் தேடினால் கட்டிய ஆண்டும் பழைய பெயர்களும் கிடைத்துவிடும். ‘கார்னிவல் சன்ஷைன்’ 2013-இல் புதிதாகப் பிறந்த கப்பல் அல்ல. 1996-இல் வந்த ‘கார்னிவல் டெஸ்டினி’தான் பெரும் புதுப்பிப்புக்குப் பின் அந்தப் பெயரோடு வெளியே வந்தது.

அதே கப்பலை வைத்து ஒரு கணக்கும் போடலாம். மொத்தக் கொள்ளளவை (கிராஸ் டன்னேஜ்), அறைக்கு இருவர் என்ற கணக்கில் வரும் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஒருவருக்கு எவ்வளவு இடம் என்பது தெரியும். டெஸ்டினியாக இருந்தபோது சுமார் 1,01,000-ஐ 2,640-ஆல் வகுத்தால் 38. சன்ஷைன் ஆன பின் சுமார் 1,03,000-ஐ 3,000-ஆல் வகுத்தால் 34. புதுப்பிப்பில் அறைகள் கூடின, கப்பல் அந்த அளவுக்குப் பெரிதாகவில்லை. நீச்சல்குளத்தில் நாற்காலி கிடைக்கவில்லை, லிஃப்டுக்குக் காத்துக் கிடந்தோம் என்ற புலம்பல்களுக்குப் பின்னால் பல கப்பல்களில் இந்தச் சரிவுதான் இருக்கும். 40-க்கு மேல் என்றால் தாராளம், 30-க்குக் கீழே என்றால் நெரிசலுக்குத் தயாராகப் போங்கள்.

பயணிகளின் அனுபவங்களை வாசிக்கும்போது தேதியை முதலில் பாருங்கள். பட்டறையிலிருந்து வெளிவந்த முதல் இரண்டு மூன்று பயணங்களில் வண்ண வாசனை, வேலை செய்யாத டிவி, பாதி ஒட்டிய ஓடுகள், நடைபாதையில் கருவிப் பெட்டியோடு தொழிலாளர்கள் எல்லாம் இருக்கும். 1994 டிசம்பரில் ‘குயின் எலிசபெத் 2’ வேலை முடியாமலே பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது, இந்த விஷயத்தில் இன்றும் பேசப்படும் உதாரணம். இத்தகைய குறைகள் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆகவே புதுப்பிப்பு முடிந்து குறைந்தது ஆறு வாரம் கழித்துப் புறப்படும் பயணத்தை எடுங்கள். முதல் பயணத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடிக்காக அவசரப்பட வேண்டாம்.

சரியாகாத குறைகள் வேறு ரகம். வடிகால் நாற்றம், பின்புற அறைகளின் அதிர்வு, குளிர்ச்சி போதாத ஏசி, பக்கத்து அறைப் பேச்சு கேட்பது. இதே புகார் புதுப்பிப்புக்கு முன்பும் பின்பும், அதே தளத்தில், அதே பகுதியில் வந்தால் அது கப்பலின் எலும்பில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அறை எண்ணைக் குறிப்பிட்டு எழுதுபவரின் நாலு வரி, பொதுவாகப் புகழும் நாலு பக்கத்தைவிட மதிப்பானது.

அறையைத் தேர்ந்தெடுக்கப் பழைய தள வரைபடத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பு நூலகமோ நடன அரங்கமோ இருந்த இடத்தில் புது அறைகள் முளைத்திருக்கும். அவற்றில் குழாய்கள் புதிது என்பது பெரிய லாபம். ஆனால் மேலேயோ பக்கத்திலோ இரவு விடுதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்கும், கப்பலின் நடுப்பகுதித் தாழ்ந்த தளம்தான் தூக்கத்துக்கு ஏற்றது. ஆட்டமும் அங்கேதான் குறைவு. நீண்ட தண்டில் புரொப்பெல்லர் சுழலும் பழைய அமைப்பில், கடைசிப் பின்புற அறைகள் துறைமுகத்தில் கப்பல் திரும்பும்போது நன்றாகவே அதிரும். சன்னல் அறை என்றால் எதிரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்று கேளுங்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் குளியலறை வாசற்படியின் உயரத்தையும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பழைய கப்பல்களில் அது கால் தடுக்கும் அளவுக்கு உயர்ந்திருக்கும்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறக்காதீர்கள். கழிப்பறையை ஒருமுறை ஃப்ளஷ் செய்து பாருங்கள். இது காற்றை உறிஞ்சி வேலை செய்யும் அமைப்பு. ஒரு குழாயில் அடைத்தால் அந்த வரிசை அறைகள் எல்லாமே நிற்கும், எனவே வேலை செய்யாவிட்டால் பக்கத்து அறையிலும் அப்படியா என்று கேட்டு அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஷவரை மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் பழுப்பாக வருவது குழாயில் தேங்கிய துருநீர், தெளிந்துவிட்டால் கவலை இல்லை. தண்ணீர் வடியாமல் கணுக்கால் வரை நின்றால் உடனே சொல்ல வேண்டும். சாக்கடை வாசனை அடித்தால் தரையிலுள்ள வடிகாலில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கப்பல் பட்டறையில் நின்ற நாட்களில் வளைகுழாயில் இருந்த நீர் வற்றிப்போயிருக்கும், வாயு மேலே வர அதுவே வழி. ஊற்றிய பிறகும் நாற்றம் நிற்கவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது.

அடுத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு, குளியலறைச் சுவரை ஒட்டிய கம்பளத்தில் நடந்து பாருங்கள். கம்பளம் புதிதாக இருந்தும் ஈரமாக இருந்தால் சுவருக்குள் கசிவு. அறை மாற்றம் கேட்க வேண்டியது அப்போதே, மறுநாள் அல்ல. கப்பல் நிறைந்து கிளம்பிய பின் காலி அறை கிடைப்பது அபூர்வம். ஏசியைக் கடைசி அளவுக்குக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். பால்கனிக் கதவு திறந்திருந்தால் பல கப்பல்களில் குளிர்காற்று நின்றுவிடும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் சுவர்ப்பலகை கிறீச்சிட்டால் மடித்த அட்டையை இடுக்கில் செருகினால் போதும்.

மின்துளைகள் பழைய அறைகளில் கண்ணாடி மேசையருகே ஒன்றிரண்டுதான் இருக்கும். பல முனை யு.எஸ்.பி. சார்ஜர் கொண்டுபோங்கள். மின்னெழுச்சித் தடுப்பு (சர்ஜ் ப்ரொடெக்டர்) உள்ள நீட்டிப்புப் பலகையைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கி வைத்துவிடுவார்கள், கப்பலின் மின்னமைப்பில் அது தீப்பிடிக்க வாய்ப்புண்டு. அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். பழைய அறையில் அலமாரி சிறியது, நாலைந்து கொக்கி பெரிய உதவி.

இத்தனை சோதனைக்கும் ஈடாகப் பழைய கப்பல் தருவது ஒன்று உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். பல பழைய கப்பல்களில் சுற்றிலும் நடக்கத்தக்க திறந்த நடைதளம் இருக்கும். புதிய பெருங்கப்பல்கள் பலவற்றில் அந்த இடத்தைக் கடைகளும் பால்கனிகளும் எடுத்துக்கொண்டன. உருவம் சிறியது என்பதால் பெருங்கப்பல் நுழைய முடியாத துறைகளிலும் கரையோடு ஒட்டி நிற்கும், படகு மாறி இறங்கும் அலைச்சல் மிச்சம்.

குறை சொல்லும்போது அறை எண், நேரம், படம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கே வரவேற்பு மேசைக்குப் போங்கள். அறைப் பணியாளரிடம் சொன்னால் மட்டும் போதாது, அது பதிவேட்டில் ஏறாமல் போகலாம். பழுதுபார்ப்பவர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேளுங்கள். வராவிட்டால் முதல் புகாரின் நேரத்தைச் சொல்லி மறுபடி பதியச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு எழுதும் கடிதத்துக்கு அந்தப் பதிவுகள்தான் வலு.