முட்டை பழையதா என்று உடைக்காமலே அறிய

வாங்கி எத்தனை நாளாயிற்று என்பது நினைவில்லாத முட்டையை, ஆழமான பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் நிரப்பி மெதுவாக அதில் விடுங்கள்: அடியில் படுத்துக் கிடந்தால் புதியது, அடியிலேயே நிமிர்ந்து நின்றால் விரைவில் சமைத்துவிட வேண்டியது, மேலே வந்து மிதந்தால் மிகவும் பழையது.

தண்ணீரின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம். புதிய முட்டைக்கு அது ஏறத்தாழ 1.08 கிராம் என்பதால் மூழ்குகிறது. ஓட்டின் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் நீர் சிறிது சிறிதாக ஆவியாகி, அந்த இடத்தில் காற்று புகுகிறது. ஓட்டின் பருமன் மாறாமல் எடை மட்டும் குறைந்துகொண்டே வருவதால், அடர்த்தி 1-க்குக் கீழே இறங்கியதும் முட்டை மிதக்கிறது. நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்து சென்னையின் மே மாத வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைக்கப்படும் முட்டைக்கு இது இன்னும் வேகமாக நடக்கும்.

லிட்டருக்கு 150 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் புதிய முட்டையும் மிதக்கும் என்பதால் அங்கே இச்சோதனை செல்லாது. சற்றே உப்புக் கரிக்கும் போர் தண்ணீரால் பாதகமில்லை. விரிசல் விட்ட முட்டைக்கும் வேகவைத்ததற்கும் இது பொருந்தாது. சால்மோனெல்லா கிருமி இருக்கிறதா என்பதையும் இது காட்டாது. ஆகவே மூழ்கிய முட்டையையும் நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள். நனைந்த முட்டையை மீண்டும் எடுத்து வைக்காமல் அன்றைக்கே பயன்படுத்திவிடுவது நல்லது.