விவாகரத்தில் அப்பா வழி மனை கை மாறினால்: மூலதன ஆதாய வரியைக் கணக்கிடும் முறை

பிரியும் கணவனும் மனைவியும் பேசி முடிக்கும்போது 50 லட்ச ரூபாய் மனையையும் 50 லட்சம் ரொக்கத்தையும் சமமாக வைத்துவிடுகிறார்கள். இரண்டும் சமமே இல்லை. மனையோடு அதன் வரிச்சுமையும் சேர்ந்து வரும். பெரும்பாலும் அதைச் சுமப்பது பெண். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கணக்கைப் போட்டுவிடுங்கள்.

படி 1: சொத்து யாருடையது?

தன் சம்பாத்தியத்தில் அப்பா வாங்கி, அவருக்குப் பின் மகனுக்கு வந்த மனை மகனுடையது. கோவா, டாமன்-டையூ தவிர இந்தியாவில் வேறெங்கும் கல்யாணம் ஆனதாலேயே அதில் பாதி மனைவிக்கு வந்துவிடாது. ஜீவனாம்சப் பேச்சில்தான் அது மேசைக்கு வருகிறது. வாரிசாகப் பெறும்போது வரி கிடையாது, விற்கும்போது கிடைக்கும் லாபத்துக்கு உண்டு. அதுதான் மூலதன ஆதாய வரி.

படி 2: காகிதங்கள்

மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, பட்டா, வில்லங்கச் சான்று. இவற்றோடு 1-4-2001 அன்றைய வழிகாட்டி மதிப்பையும் (பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பு) எடுத்து வையுங்கள். 2001க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அப்பா கொடுத்த விலைக்குப் பதில் அந்தத் தேதியின் சந்தை மதிப்பை அடக்கவிலையாகக் காட்டலாம். ஆனால் அது வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது.

படி 3: கணக்கு

அப்பா 1990ல் வாங்கிய மனை. 2001 மதிப்பு 8 லட்சம். மகனுக்கு வந்தது 2015ல். 2025-26 நிதியாண்டில் 50 லட்சத்துக்கு விற்கிறார்.

லாபம் 42 லட்சம். 12.5 சதவீதம் என்றால் 5.25 லட்சம், 4 சதவீத செஸ் சேர்த்தால் 5.46 லட்சம்.

23-7-2024க்கு முன் கிடைத்த மனை என்பதால், இந்தியாவில் வசிப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்ப அடக்கவிலையை உயர்த்தும் வழி அது. 2001ஐ 100 என்று வைத்தால், 2025-26க்கான பணவீக்கக் குறியீடு 376. 8 லட்சத்தை 3.76ஆல் பெருக்கினால் 30.08 லட்சம். மீதி 19.92 லட்சத்துக்கு 20 சதவீதமும் செஸ்ஸும் போட்டால் சுமார் 4.14 லட்சம். இரண்டில் குறைந்ததைக் கட்டலாம்.

மனையையே மனைவிக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தால் கணவருக்கு அப்போது வரி இல்லை. ஆனால் அந்தப் பழைய 8 லட்சம் அடக்கவிலைதான் மனைவிக்கும் வரும். மனை அவர் கைக்கு வருவது 23-7-2024க்குப் பின் என்பதால், இரண்டாவது வழி அவருக்குக் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே பேச்சுவார்த்தையில் பெரிய தொகையான 5.46 லட்சத்தையே கழியுங்கள். மனையின் உண்மையான மதிப்பு 44.54 லட்சம்தான்.

படி 4: எப்போது, எப்படி எழுதுவது?

இங்கேதான் நிதானம் வேண்டும். கணவன் மனைவியாக இருக்கும்வரை சட்டப்படி உறவினர்கள். மனையைத் தானமாகப் பெறுபவருக்கு வரி இல்லை. தீர்ப்பு வந்தபின் அந்த உறவு இல்லை, முன்னாள் துணையிடமிருந்து இலவசமாக வந்த சொத்து என்று வரித்துறை கேள்வி எழுப்பலாம். பரஸ்பர சம்மத வழக்கில் முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் நடுவே வழக்கமாக வரும் ஆறு மாதம் பத்திரப்பதிவுக்கு ஏற்ற காலம்.

பிரிந்து வாழும் ஒப்பந்தத்தை ஒட்டிக் கொடுத்த சொத்தின் வருமானத்தைக் கணவர் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். ஆகவே அந்த ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். அதே நேரம், "ஜீவனாம்ச உரிமையை விட்டதற்கு ஈடாக" என்று பத்திரத்தில் எழுதினால், அது தானமல்ல, விற்பனைக்குச் சமம் என்ற வாதம் கிளம்பும். வாசகத்தை வக்கீலும் ஆடிட்டரும் சேர்ந்து பார்க்கட்டும்.

படி 5: வரியைக் குறைக்க

விற்ற ஆறு மாதத்துக்குள், குறிப்பிட்ட அரசு நிறுவனங்களின் வரிவிலக்குப் பத்திரங்களில் 50 லட்சம் வரை போடலாம். அல்லது விற்ற பணம் முழுவதையும் இரண்டு ஆண்டுக்குள் வீடு வாங்கவோ, மூன்று ஆண்டுக்குள் கட்டவோ பயன்படுத்தலாம். ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் வீடு இருந்தால் இந்த வீட்டுச் சலுகை பொருந்தாது. வரித்தாக்கல் கடைசித் தேதிக்குள் செலவாகாத பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிடுங்கள்.