பக்கெட்டில் ஒரு முதலை: மந்திர விடுதிக் கதை எழுதும் முறை

மந்திரப் பள்ளிக் கதை எழுத முனைவோரில் பலர் பனி மூடிய கோபுரங்களையும் தரையைத் தொடும் அங்கிகளையும் வைத்தே தொடங்கிவிடுகிறார்கள். நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் அப்படியோர் அங்கியை அணிந்த மாணவி, முதல் அத்தியாயம் முடிவதற்குள் மயங்கி விழுந்துவிடுவாள். பதின்ம வயதினர் சிரித்துக்கொண்டே படிக்கக்கூடிய அமானுஷ்யக் கதையை நம் ஊரில் நடத்த வேண்டுமானால், மந்திரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் விடுதியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வேலூரிலிருந்து அமிர்திக்குப் போகும் வழியில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், மந்திரம் கற்பிக்கும் ஒரு பெண்கள் விடுதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் நாள் ஒழுங்கை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விடியற்காலை மணி எத்தனைக்கு அடிக்கிறது, குளியலறை வரிசையில் யார் யாருக்கு இடம் பிடித்து வைக்கிறார்கள், ஸ்டடி அவரில் தூங்குபவர்களை எழுப்புவது யார், ஞாயிற்றுக்கிழமை வரும் பெற்றோர் எந்த மரத்தடியில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். டிரங்குப் பெட்டியின் பூட்டும், ஊறுகாய் பாட்டிலும், பெயின்டில் பெயர் எழுதிய பக்கெட்டும் மந்திரக்கோலைவிட உங்களுக்கு அதிகம் உதவும். விளக்கணைத்த பிறகு யாரும் பேசக்கூடாது என்ற விதி வாசகருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான், விளக்கணைத்த பிறகு மட்டுமே பேசும் ஓர் ஆவி அவருக்கு வேடிக்கையாக இருக்கும்.

அடுத்தது ஆவி. அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேலூர்க் கோட்டையின் அகழியில் ஒரு காலத்தில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்தப் பேச்சு மெய்யோ பொய்யோ, அவற்றில் ஒன்றின் ஆவி இன்னும் அலைகிறது என்று வைத்துக்கொள்ளக் கதைக்கு உரிமை உண்டு. ஆனால் 1806 ஜூலை 10 அன்று அதே கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியில் மாண்டவர்களையும், இங்கே சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னரையும் கேலிப் பேய்களாக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. அவர்களுடைய கதைக்கு வேறு குரல் வேண்டும். முதலையைக் கிண்டல் செய்தால் யாருடைய மனமும் புண்படாது.

ஆவிக்கு ஒரே ஒரு விதி போதும். ஆனால் அந்த விதி இந்த ஊரிலிருந்து பிறந்ததாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் “நீரில்லாத ஆறு” என்று பாலாற்றைக் குறித்து ஒரு சொலவடை உண்டு. அதையே பிடித்துக்கொள்ளலாம்: நிற்கும் தண்ணீரில் மட்டுமே முதலை தோன்றும், தண்ணீர் எவ்வளவோ, முதலையும் அவ்வளவே. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் விடுதியில், அகழியையே ஆண்ட முதலை ஒரு மாணவியின் பக்கெட்டுக்குள் பல்லி அளவில் வந்து சேரும். ஐப்பசியில் மழை வலுத்து மேல்நிலைத் தொட்டி நிரம்பும்போது என்ன ஆகும் என்ற கேள்வி முதல் அத்தியாயத்திலிருந்தே வாசகரின் மனத்தில் ஓடத் தொடங்கிவிடும். அதற்காகத் தனியே மர்மம் எதையும் புனைய வேண்டியதில்லை.

எதிரியாக ஒரு கொடிய மந்திரவாதியைக் கொண்டுவரும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். டெங்கு பரவாமல் இருக்க, தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டச் சொல்லி வரும் கொசு ஒழிப்புப் பணியாளரே போதும். அவர் செய்வது முழுக்க நியாயமான வேலை. ஆனாலும் அவர் ஒவ்வொரு பக்கெட்டாகக் குனிந்து பார்த்து வரும்போது வாசகரின் நெஞ்சு படபடக்கும். வார்டனும் அப்படித்தான். அவரைக் கொடுமைக்காரியாக்கிவிட்டால் கதை தட்டையாகிவிடும். எல்லாவற்றையும் கவனித்தும் பாதியைக் கேட்காமல் விடுபவராக அவர் இருக்கட்டும்.

கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழில் இருக்கலாம். பேச்சு மட்டும் வடஆற்காட்டு வாயிலிருந்து வர வேண்டும்.

“இன்னாடி இது, பல்லியா?”

“பல்லிக்கு ஏதுடி இத்தினி பல்லு?”

வார்டன் கதவருகே வந்து நிற்கிறார். “பக்கெட்டுல இன்னா வெச்சிருக்க?”

“தண்ணிதான் மிஸ்.”

“தண்ணி எதுக்கு என்ன மொறைக்குது?”

இதற்குக் கீழே, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் சிரிப்பு வாசகருக்கு உரியது. அதேபோல் “இன்னா”வையும் “கீது”வையும் வரிக்கு வரி தெளித்தால் அது பேச்சாக இல்லாமல் நையாண்டியாகிவிடும். எழுதியதை உரக்கப் படித்துப் பார்த்து, நாக்கு தடுக்கும் இடத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

பயத்தின் அளவை அறியத் தெருக்கூத்தைப் பாருங்கள். அரச வேடம் திரைக்குப் பின்னால் கம்பீரமாக நிற்கும்போதே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்டுச் சீண்டத் தொடங்கிவிடுவான். அதனால் வேடத்தின் மிடுக்கு குறைவதில்லை. நாயகியின் தோழியை அந்த இடத்தில் வையுங்கள். நள்ளிரவில் தொட்டிக்குள் ஏதோ புரளும் ஓசை கேட்கும்போது, காலையில் குளிக்கத் தண்ணீர் மிஞ்சுமா என்று கவலைப்படுபவள் அவளே. ஆனால் ஓசைக்கும் அவள் பேச்சுக்கும் நடுவே இரண்டு மூச்சாவது அமைதி வேண்டும். பயம் வந்து உட்காருவதற்கு முன் சிரிப்பை அவிழ்த்துவிட்டால் இரண்டுமே வீணாகும்.

ஆவிக்கும் ஓர் ஏக்கம் இருக்கட்டும். நம் முதலைக்கு வேண்டியது அகழிக்குத் திரும்புவது. பேருந்துச் சீட்டு எடுக்கத் தெரியாததால்தான் அது இங்கே தங்கிவிட்டது. ஆகவே கடைசி அத்தியாயத்தில் தோழிகள் இருவரும் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலில் அதைச் சுமந்து, நெரிசலான பேருந்தில் கோட்டைக்குப் போகிறார்கள். வழியில் பக்கத்து இருக்கைப் பெரியவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கும் இடத்துக்குத் தாராளமாக இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். அகழிக் கரையில் பாட்டிலின் மூடி திறந்த பிறகு நடப்பதற்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.